இலந்தை தின்றவள்

பூத்தட்டு ஜலஜாவுக்கு முன்னால் வந்து நின்றது. அவள் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கூடப் படிக்கிற நிருபமா வாயைத் திறந்தாள்.

"திதிமணி, அவளுக்குக் கொடுக்காதீங்க. அவ போன வாரமே இலந்தைப்பழம் தின்னுட்டா."

அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சரை திதிமணி என்றுதான் கூப்பிட வேண்டும். திதிமணி தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சரஸ்வதி பூஜை முடியும்வரை படிக்கிற பிள்ளைகள் இலந்தைப்பழத்தைத் தொடக்கூடாது. தின்றால் படிப்பு ஏறாது, பரீட்சை ஊற்றிக்கொள்ளும். கல்கத்தா பவானிபூரில் இது தவழுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். கும்பகோணத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஜலஜாவுக்கு யார் சொன்னார்கள்?

தை மாசத்தில் ஒரு சரஸ்வதி பூஜை உண்டு என்பதே அவள் அம்மா பாகீரதிக்கு வேடிக்கையாக இருந்தது.

"நம்மாத்துலதான் நவராத்திரியிலேயே ஆயிடுத்தேடி. சரஸ்வதிக்கு வருஷத்துக்கு ரெண்டு தரமா?"

சொன்னாளே தவிர, மகளின் பிடிவாதம் தாங்காமல் வெள்ளைப் பாவாடையை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டாள். மற்றப் பெண்களெல்லாம் மஞ்சள் புடவையில் வருவார்களாம்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது.

தலைநகரம் டில்லிக்குப் போனாலும் கல்கத்தாவை விட்டுப் போகாத ஒரு கணக்காபீஸில் அப்பா வைத்தீஸ்வரனுக்கு உத்தியோகம். சாயங்காலம் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே மனக்கணக்குக் கேட்பார். கோட்டு ஆணிக்குப் போவதற்குள் ஜலஜா விடை சொல்லிவிடுவாள்.

அதே கணக்கை வகுப்பில் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொண்டுவிடும். வந்த புதிதில் அவள் பேசிய வங்காளிக்கு வகுப்பே சிரித்தது. திதிமணியும் சேர்ந்து சிரித்தாள். அதோடு சரி. விடை நெஞ்சு வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும்.

கொஞ்ச நாளில் திதிமணி அவளைக் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள். கடைசி பெஞ்சில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. பெயரும் வேண்டியிருக்கவில்லை, மதராஸி என்றால் போதும்.

அரைப் பரீட்சையில் கணக்கில் தோற்றாள். வேண்டுமென்றே செய்கிறாய் என்று அப்பா கத்தினார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? அவளுக்கே புரியவில்லை.

இன்றைக்குப் பூப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். இங்கத்துச் சரஸ்வதி இங்கத்துப் பாஷையை வாயில் வைத்துவிடுவாள். அதற்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. எல்லோருடைய புத்தகங்களோடும் தன் கணக்குப் புத்தகத்தையும் மண் சரஸ்வதியின் காலடியில் வைத்திருந்தாள்.

திதிமணி குனிந்து அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. கோபித்துக்கொண்டிருந்தாலாவது தேவலை.

"மதராஸிப் பொண்ணு, இவளுக்கு என்ன தெரியும்" என்று புரோகிதரிடம் சொன்னாள். பிறகு என்ன தோன்றியதோ, ஜலஜாவின் பக்கம் திரும்பினாள்.

"பழத்தை உனக்கு யார் கொடுத்தா?"

எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அவளைப் பார்த்து ஒரு கேள்வி.

அத்தனை மஞ்சள் புடவைகளும் அவளையே பார்த்தன. நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று காத்திருந்தாள். ஒட்டிக்கொள்ளவில்லை. விடை தெரியும். வங்காளி வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு தப்பில்லாமல் வாய்க்கு வந்து நின்றன.

இத்தனை நாள் வராத பாஷை இந்த விடைக்குத்தானா வரவேண்டும்? ஆத்திரத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது.

"யாரும் கொடுக்கலை. தெருவில நானே வாங்கித் தின்னேன்" என்றாள் வங்காளியில்.

யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருந்தாள். திதிமணிகூட ஒரு நிமிஷம் அவளை வியப்பாகப் பார்த்துவிட்டு, தூணோரம் போய் நிற்கும்படி கையைக் காட்டினாள்.

ஜலஜா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய் நின்றாள். மஞ்சள் ஈரம் சரியாக உலராத பாவாடை காலைச் சுற்றி ஒட்டியது. பசி வயிற்றைக் கிள்ளியது.

புரோகிதர் மந்திரத்தைத் தொடங்கினார். முதல் வரிசையில் நிருபமா கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். அவள் குவித்த விரல்களிலிருந்து ஒரு பூ நழுவித் தரையில் விழுந்தது.

போன வாரம் தண்ணீர்க் குழாயடியில் இதே நிருபமாதான், யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஓர் இலந்தைப்பழத்தைக் கடித்துப் பாதியைத் தான் தின்றாள். மீதியை ஜலஜாவிடம் நீட்டினாள்.

ஒருத்தர் எச்சிலைத் தொட்டுவிட்டு வந்தால் பாகீரதி தலையோடு தண்ணீர் ஊற்றாமல் உள்ளே விடமாட்டாள். அது தெரிந்தும் ஜலஜா வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். கொட்டையைக்கூட வெகுநேரம் துப்பவில்லை.

எப்படிச் சொல்லுவாள்? சொல்லிவிட்டால், இன்னொரு தடவை பாதி கொடுக்க அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?