இடது கால்

டாக்டர் பேனா போன்ற கருவியைத் தேவசகாயத்தின் வலது பாதத்தில் வைத்ததும், ரத்தம் ஓடும் சத்தம் அறை முழுக்க உஸ் உஸ்ஸென்று கேட்டது. இடது பாதத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. கணுக்கால், கெண்டைக்கால் என்று மேலே தேடிக்கொண்டே போனார். கருவி வெறுமனே இரைந்தது.

"மிஷினு ரிப்பேரா டாக்டர்?" என்றார் தேவசகாயம்.

டாக்டர் போனில் யாரையோ அவசரமாகக் கூப்பிட்டபடி வெளியே போனார்.

மனைவி எஸ்தர் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் அந்த இடது பாதத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். ஐஸாகச் சில்லிட்டிருந்தது. சூடு வரட்டுமென்று அழுத்தித் தேய்த்தாள்.

அவர் கண்களை மூடிப் படுத்திருந்தார்.

"பயமா இருக்கு எஸ்தரு. அந்தக் காலக் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்."

எஸ்தரின் கைகள் அப்படியே நின்றன.

"இந்தா, பிடிச்சிட்டேம்லா," என்றாள்.