பொட்டு வைத்த கேசட்

"மத்திய இணை அமைச்சர் தென்னேரி பழனி சற்று முன் பதவி விலகினார்" என்று தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜாஹ்னவி கேமராவை நோக்கிக் கணீரென அறிவித்தபோது, அந்தப் பழனி தெருவின் எதிர்ப்புறம், பட்டுக்கடைப் பாயில் அமர்ந்து மனைவிக்கு மாம்பழ நிறத்தில் ஒரு சேலை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1997ஆம் ஆண்டில், காஞ்சிபுரத்தில் பதிவான செய்தி காரேறிச் சென்னை நிலையத்தை அடைந்த பின்னரே ஒளிபரப்பாகும். ஆகவே எது நடந்தாலும் கைவசம் இருக்கட்டும் என்று, செய்தியாளர்கள் இரண்டு விதமாகவும் பேசி இரண்டு கேசட்டுகளை அனுப்பிவைப்பது வழக்கம்.

பழனிக்கும் அவருடைய கட்சித் தலைவருக்கும் ஒரு மாதமாக உரசல். காலையில் வரதராஜர் கோயில் வாசலில் ஜாஹ்னவி அதைப் பற்றிக் கேட்டாள். விலகும் பேச்சுக்கே இடமில்லை என்றார் அவர். தலைவரின் எண்ணம் என்ன என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார்.

"அவுரு எதையும் நேர்ல சொல்ல மாட்டாரும்மா. நான் மந்திரியானதே டிவி பாத்துத்தான் எனக்குத் தெரியும்."

எனவே 'விலகவில்லை' கேசட்டே போதும் என்று முடிவாயிற்று. வழக்கப்படி இரண்டும் சென்னைக்குப் போகும்; மற்றதை அங்கே தொடக்கூடாது என்பதற்கு அடையாளமாக, ஜாஹ்னவி தன் கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினாள். அடுத்த மாதம் அவள் நாடாளுமன்றச் செய்தியாளராகத் தில்லி செல்லவிருந்தாள். இந்நேரத்தில் பிழை எதுவும் நேரக்கூடாது.

சென்னை நிலையத்திலோ, சிவப்பு என்றால் 'மிக அவசரம்' என்று பொருள்.

ஆறு மணிச் செய்தியில் பொட்டு வைத்த கேசட் ஓடுவதை ஜாஹ்னவி விடுதியில் பார்த்தாள். ஒளிப்பதிவாளர் விமல்ராஜ் தன்னால் இயன்றவரை தேற்றினான்.

"வுடுங்க மேடம். தில்லி இல்லன்னா கூரம் கிராமத்துல திருவிழா கவர் பண்ணிக்கினு இருப்போம்."

நிலையத் தலைவர் தொலைபேசியில் சுருக்கமாகவே பேசினார். அரை மணிக்குள் அமைச்சரே நிலையத்தை அழைத்து, தாம் விலகவில்லை என்று சொல்ல வேண்டும். இல்லையேல் ஜாஹ்னவி விலக வேண்டும்.

அரசு விருந்தினர் மாளிகைக்கு ஆட்டோவில் விரைந்தார்கள். பழனி தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே அமர்ந்து, அமைதியே உருவாகக் கோயில் இட்லி தின்றுகொண்டிருந்தார். ஜாஹ்னவி கைகூப்பி, தவறு முழுவதும் தன்னுடையதே என்று தொடங்கினாள். அவர் கையமர்த்தினார்.

"நீ இன்னாம்மா பண்ணுவ? எங்க தலைவர் சொல்லச் சொன்னாரு, சொன்ன. அது கூடவா எனக்குப் புரியாது?"

"யாரும் சொல்லலை, ஐயா. அந்தச் செய்தி பொய்."

இட்லி ஏந்திய கை பாதி வழியில் நின்றது. பழனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப நெசம்தாம்மா. ராஜினாமா ஃபேக்ஸ்ல போயி கால் மணி ஆவுது."