பத்துக்கு அஞ்சு

"எவ்ளோ நாளா குடிக்கிற?"

கவுன்சலர் தமயந்தி கேட்டதும் ஹரிஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான். தூக்கமில்லாமல் கண்கள் சிவந்திருந்தன. பக்கத்து நாற்காலியில் தங்கை தர்ஷினி, கழுத்தில் ஐடி கார்டோடு ஆபீஸிலிருந்து நேரே வந்திருந்தாள்.

"ஒரு வருஷமா மேடம். பெங்களூர் வந்ததுலேர்ந்து."

அல்சூர் ஏரி தெரியும் மாடி அறை அது. இளைஞர்களை உட்காரவைத்துக் கொஞ்ச நேரம் பேசி அனுப்புவார்கள். திட்டு கிடையாது, உபதேசம் கிடையாது.

"குடிச்சா உனக்கு என்ன நல்லதுன்னு தோணுது?"

இப்படி ஒரு கேள்வியை ஹரிஷ் எதிர்பார்க்கவில்லை.

"தூக்கம் வருது மேடம்," என்றாள் தர்ஷினி. "மேனேஜர் கத்துனதெல்லாம் காதுல கேக்காது."

"நீ சும்மா இரும்மா, அவனே சொல்லட்டும்," தமயந்தி சிரித்தார். "இப்படி ஒரு தங்கச்சி கெடைக்க குடுத்து வச்சிருக்கணும்ப்பா. கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்கா பாரு."

தர்ஷினியின் போன் அடித்தது. ஆம்பூரிலிருந்து அம்மா. அறை முழுக்கக் கேட்டது குரல்.

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்கடி. லீவு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்மா." உடனே வைத்துவிட்டாள்.

தமயந்தி ஹரிஷ் பக்கம் திரும்பினார். "சரி. குடிய விடணும்னு எவ்ளோ ஆசை இருக்கு? பத்துக்கு மார்க் போடு."

ஹரிஷ் தங்கையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அஞ்சு."

"ஹௌதா, அப்படியா? ஏன், ரெண்டு போட்டிருக்கலாமே?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க மேடம்."

"அப்ப அஞ்சு நல்ல மார்க்குதான். இந்த வாரம் என்ன செய்யப்போற? நீயே சொல்லு."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் தொட மாட்டேன். சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேணாம்ப்பா. முடியறத மட்டும் சொல்லு."

"முடியும் மேடம்," என்றான் ஹரிஷ், அவசரமாக.

படியிறங்கும்போது அவன் குரலைத் தாழ்த்தினான். "மேடம் சொன்னதெல்லாம் கேட்டல்ல? ரெஜிஸ்டர்ல என் பேருதான் எழுதியிருக்காங்க. பயப்படாத."

தர்ஷினி பாதிப் படியில் நின்றுவிட்டாள். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் குடிக்காம என்னால இருக்க முடியாதுண்ணா."