குழாயைப் பிடித்த கை

ரூ பஜோல் தெருவில் ஸ்ரீபனின் தொலைபேசிக் கடை. கண்ணாடி மேசையில் மங்கிய வெயில் கிடக்கிறது. நீக்கிலாஸ் பறக்கவிடும் மாதிரி விமானத்துக்குப் பெற்றோல் நிரப்ப அவன் வரவழைத்த இரண்டு பம்புகளும் அவர் முன்னே இருக்கின்றன. ஒன்று கையால் சுற்றுவது, மற்றது பற்றறியில் ஓடுவது. பழக்கத்தில் அவருடைய கை சுற்றும் பம்பைத் தொடுகிறது. ஞாயிறுதோறும் ஆர்ஜொந்தெய் புல்வெளியில் அவர் சுற்றச் சுற்ற, மனைவி பேர்ளி பெற்றோல் மணத்துக்கு மூக்கைச் சுளித்தபடி குழாயை விமானத்தின் எரிபொருள் தாங்கிக்குள் பிடித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை நேற்றுத்தான் முடிந்தது. “அண்ணை, பற்றறிப் பம்பை எடுங்கோ. குழாய் பிடிக்க ஒருத்தரும் தேவையில்லை” என்ற ஸ்ரீபன், சொன்ன பிறகு தலைகுனிகிறான். “ஓம் தம்பி, அதையே தாரும்” என்கிறார் நீக்கிலாஸ். அவருடைய கை மட்டும் பழையபடி கைப் பம்பின் பிடியை மெல்லச் சுற்றுகிறது. பிடிக்க ஆளில்லாத குழாய் மேசை விளிம்பில் நழுவித் தரையில் விழுகிறது.