முதுகுக்குப் பின்னால் மேடை

“கம்பிமேல ஏறி உட்காரக் கூடாதும்மா. இறங்குங்க.”

காவலுக்கு நின்ற நெட்டை மூன்றாவது தடவையாகச் சொன்ன பிறகுதான் அந்தப் பெண் இறங்கினாள். ஆபீஸிலிருந்து நேரே ஓடி வந்திருப்பாள் போல. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. இறங்கியவள் சும்மாவும் இருக்கவில்லை.

“வாழ்க்கையில முதல் தடவையா இவங்களை நேர்ல பார்க்கப் போறேன் சார். அந்தத் தவிப்பு உங்களுக்கு எங்க புரியப்போகுது? மேடையில யார் பாடப்போறாங்கன்னாவது தெரியுமா உங்களுக்கு?”

முன்வரிசை ரசிகர்களோடு வாய் கொடுக்கக் கூடாது என்பது சூப்பர்வைசரின் உத்தரவு.

தெரியுமாவா? அந்த ராக் குழு என்றால் அவனுக்கு உயிர். மரச்சாமான் கிடங்கில் ராத்திரிக் காவலுக்குச் சேர்ந்த புதிதில், கண் சொருகாமல் அவனைக் காப்பாற்றியதே காதில் மாட்டிக்கொண்ட அவர்கள் பாட்டுகள்தான். குளிக்கும்போதும் அதையே கத்துவான். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டியதாக மனைவி சொல்லிக் காட்டுவாள்.

அந்தக் குழு ஊர் மைதானத்துக்கே வருகிறது, காவலுக்கு ஆள் வேண்டும் என்று கம்பெனியில் சொன்னபோது, முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். வேலைக்கு வேலையும் ஆச்சு, ஆசைக்கு ஆசையும் தீர்ந்தது என்று மனைவிகூடச் சிரித்தாள். சீருடையை அவளே தேய்த்துக் கொடுத்து அனுப்பினாள்.

இடம் பிரித்துக் கொடுத்ததும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேடைக்கு நேர் கீழே, தடுப்புக் கம்பிக்கு உள்பக்கம். கையை நீட்டினால் மேடை.

அப்புறம்தான் சூப்பர்வைசர் விஷயத்தைச் சொன்னார். காவலுக்கு நிற்கிறவன் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். மேடை முதுகுக்குப் பின்னால்.

“நெரிசல்ல யாராவது மாட்டினா முதல்ல பார்க்க வேண்டியது நீதான். மேடைப் பக்கம் ஒரு தரம் திரும்பினாலும், அப்படியே வீட்டுப் பக்கம் திரும்பிட வேண்டியதுதான்.”

ஓரத்து வாசலுக்காவது மாற்றிவிடச் சொல்லி நெட்டை கெஞ்சிப் பார்த்தான். அங்கிருந்தால் பாதி மேடையாவது தெரியும். உன் உயரத்துக்கு இந்த இடம்தான் சரி என்று அவர் நடையைக் கட்டிவிட்டார்.

விளக்குகள் அணைந்தன. முதல் கிதார் அதிர்ந்தபோது அவன் சட்டை முதுகில் படபடத்தது. கூட்டம் வீறிட்டது. அவன் அசையவில்லை.

எதிரே இருந்த முகங்களை வைத்தே மேடையை ஊகித்துக்கொண்டான். எல்லாக் கண்களும் இடப்பக்கம் போனால், பாடகி அந்தப் பக்கம் நடக்கிறாள். எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தால், டிரம்ஸ்காரர் குச்சியை மேலே எறிந்து பிடிக்கிறார்.

நடுவில் ஒருவர் மூச்சுத் திணறித் துவண்டார். நெட்டை அவரைக் கம்பிக்கு மேலாக அள்ளித் தூக்கி, முதலுதவிக்காரர்களிடம் ஒப்படைத்தான். அந்தச் சாக்கில் ஒரு நொடி மேடையைப் பார்த்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்குள் இன்னொரு அம்மா தண்ணீர் கேட்டுக் கையை நீட்டிவிட்டாள்.

அப்புறம் அந்தப் பாட்டு ஆரம்பித்தது. கிடங்கில் எத்தனையோ ராத்திரி அவனைத் தாங்கிப் பிடித்த பாட்டு. அவனையறியாமல் உதடுகள் கூடவே பாடின. கண் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அடையாள அட்டைக்காரி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான்.

அவள் போனை எடுத்தாள். மற்றவர்களைப் போல மேடையை நோக்கித் தூக்கவில்லை. அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். விளக்கு வெளிச்சம் பட்டு அது பளபளத்ததே தவிர, வேறொன்றும் தெரியவில்லை.

தன்னைப் படம் பிடிக்கிறாள் என்று அவனுக்குப் பட்டது. கம்பியிலிருந்து இறக்கிவிட்ட கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறாள். காவலுக்கு வந்தவன் பாட்டுப் பாடிக்கொண்டு நிற்கிறான் என்று ஊர் முழுக்கப் பரப்பப்போகிறாள். போன மாதம் இப்படி ஒரு வீடியோவால்தான் கூட வேலை பார்த்தவனுக்குச் சீட்டுக் கிழிந்தது.

உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். அவள் விடவில்லை. அவன் திரும்பிய பக்கமெல்லாம் போனும் வந்தது. போதாததற்கு, இன்னொரு கையை ஆட்டிக் கூப்பிடவும் செய்தாள். தூரத்திலிருந்த சூப்பர்வைசர் என்ன என்று புருவத்தைத் தூக்கினார்.

இதற்குமேல் விட்டால் வம்பு என்று நெட்டை கம்பியருகே போனான்.

“நான் பிள்ளைகுட்டிக்காரன்மா. இந்த வேலை போச்சுன்னா தாங்காது. என்னைப் படம் பிடிக்காதீங்க.”

“நான் எங்கண்ணே உங்களைப் படம் பிடிச்சேன்?”

அண்ணே என்றதில் அவன் கொஞ்சம் தடுமாறினான். அவள் போனை இன்னும் கிட்டத்தில் நீட்டினாள். வேறு வழியில்லாமல் பார்த்தான்.

போனின் திரை அவன் பக்கம் இருந்தது. செல்ஃபி எடுக்கிற மாதிரி வைத்து, அவனைப் பார்க்கத் திருப்பிப் பிடித்திருந்தாள். திரை நிறைய அவன் முகம். ஓரத்தில், தோளுக்கு மேலே, நீல வெளிச்சத்தில் மேடையின் ஒரு துண்டு. கிதாரும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன.

இவ்வளவு நேரமும் அவள் மேடையையே பார்க்கவில்லை. திரை அவன் கண்ணுக்கு நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் எக்கி, அவன் காதருகே சத்தமாகச் சொன்னாள்:

“கொஞ்சம் குனிஞ்சுக்குங்கண்ணே. உங்க தலைதான் உங்களுக்கு மறைக்குது.”