வளவு மண்

“இது மண்ணில்லைத் தம்பி. கருவாட்டுக்குப் போடுற உப்பு.”

நாக்கு நுனியில் வைத்துப் பார்த்ததைத் துப்பிவிட்டு, பொலித்தீன் பையைக் கிறிஸ்ரியிடம் திருப்பிக் கொடுத்தார் நவரத்தினம். பைக்குள் மண்ணோடு மண்ணாக ஒரு கத்தரிக் கன்று சுருண்டு கிடந்தது.

கிறிஸ்ரி தலையைச் சொறிந்தான். மன்னார்த் தீவிலுள்ள தாழ்வுபாட்டிலிருந்து பாலம் கடந்து, திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள இந்த வீட்டு வளவுக்கு அவன் வருவது இது மூன்றாவது ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பான்.

முதல் முறை வந்தபோது, “இஞ்சை சாடியிலை போட நல்ல மண் எடுக்கலாமெண்டு சொன்னவை, ஐயா” என்றான். அப்படி யாரும் சொல்லியிருக்க முடியாது. தன் வளவு மண்ணை ஒரு சிரட்டைகூட வெளியில் விடாதவர் நவரத்தினம். சொந்தத் தமையன் மகன் கேட்டபோதே, “கடையிலை பையிலை விக்கிறாங்கள், போய் வாங்கு” என்று திருப்பி அனுப்பியவர். இவனை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்து நீட்டினார்.

“நான் சொன்ன மாதிரித்தானே கலந்தனீர்?”

“ஓம் ஐயா. அப்பிடியேதான். ரெண்டு பங்கு மண், ஒரு பங்கு மாட்டெரு, ஒரு பங்கு தேங்காய்த் தும்புத்தூள்.”

“பிறகு?”

“பெட்டி நிரம்பேல்லை. அதாலை கொஞ்சம் கடற்கரை மணலும் போட்டனான்.”

“எவ்வளவு கொஞ்சம்?”

“அரைவாசி.”

நவரத்தினம் மூச்சை இழுத்து விட்டார். “என்ன பெட்டி?”

“மீன் ஏத்துற றெஜிபோம் பெட்டி. வெள்ளையாய், பாரமில்லாமல் இருக்குமே, அது.”

“கழுவினீரோ?”

“கழுவினனான். எங்கடை கிணத்துத் தண்ணியிலை.”

“உவர்த் தண்ணி. சரி, அடியிலை ஓட்டை போட்டனீரோ?”

கிறிஸ்ரி பொலித்தீன் பையின் வாயை முறுக்கினான். “தண்ணி எல்லாம் ஒழுகிப்போகுமெண்டு போடேல்லை, ஐயா.”

“வள்ளத்திலைதான் ஓட்டை இருக்கக்கூடாது. கன்றுக்கு வேணும். வேர் மூச்சு விடவேணுமெல்லோ?”

சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். வயல் பக்கம் போகவில்லை. “அது களி. காய்ஞ்சால் கல்லாப் போகும்” என்றபடி மாமரத்தடியில் மேல்மண்ணை மட்டும் சுரண்டி எடுத்தார். இரண்டு வருடம் மக்கிய மாட்டெருவைக் கையால் நொறுக்கிப் போட்டார். தும்புத்தூளை வாளித் தண்ணீரில் அலசி, பிழிந்து, திரும்பவும் அலசினார். ஒரு ஓலைக் கடகம் நிறைய உமிக்கரியும் கொட்டி, எல்லாவற்றையும் அரிதட்டில் போட்டு அரிக்கத் தொடங்கினார். கல்லும் வேரும் மேலே தங்க, கறுப்பாகப் பொலபொலவென்று கீழே விழுந்தது.

“ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியும். விரலிடுக்காலை தண்ணி வருதோ?”

“இல்லை ஐயா.”

“இப்ப கையை விரிச்சு, பெருவிரலாலை மெல்லத் தட்டும்.”

உருண்டை உடைந்து உதிர்ந்தது. கிறிஸ்ரிக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு பிடி அள்ளித் தட்டிப் பார்த்தான்.

“ஏன் தம்பி இவ்வளவு பாடு? மன்னார்ச் சந்தையிலை கத்தரிக்காய் இல்லையோ?”

“இருக்கு ஐயா. வீட்டிலை மனிசிக்கு வாங்கிக் குடுத்தால் கைக்குதெண்டு தள்ளி வைச்சிடுறா. தானே வைச்சு ஆய்ஞ்சால்தான் சாப்பிடுவாவாம்.”

“தண்ணி ஊத்துறது அவவோ?”

“கடலாலை வந்த உடனை நான்தான். அவவை வாளி தொட விடுறதில்லை. பாரம் தூக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவ.”

அரிதட்டு நின்றது.

“எத்தினை மாசம்?”

“அஞ்சு.”

“முதல் பிள்ளையோ?”

“ஓம் ஐயா.”

வெறுந்தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வந்த நவரத்தினத்தின் மனைவி பூமணி, அதைக் கொடுக்காமலே உள்ளே திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் பால்தேத்தண்ணியும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

“வீட்டிலை துணைக்கு ஆர்?” நவரத்தினம் மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“என்ரை அம்மா நல்லாத்தான் பார்க்கிறா. எண்டாலும்...”

“எண்டாலும்?”

“ஒண்டுமில்லை ஐயா.”

கிறிஸ்ரி குனிந்து சாக்கின் வாயைக் கட்டினான். கட்டியது சரியில்லை என்று நவரத்தினம் அவிழ்த்து, இன்னும் நாலு கை மண் போட்டு அமத்தித் தானே கட்டினார். இரண்டு சாக்கையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கயிறு போட்டு, இழுத்துப் பார்த்தார். பிறகு முன்னால் வந்து கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இனி மண்ணுக்கெண்டு இஞ்சை வரவேண்டாம்.”

கிறிஸ்ரியின் முகம் விழுந்துவிட்டது. “நான் பிழையாக் கலந்ததுக்கோ, ஐயா? இந்த முறை...”

“அடுத்த ஞாயிறு ஓட்டோ பிடிச்சு அவளைக் கூட்டிக்கொண்டு வாரும். இந்த மோட்டார் சைக்கிளிலை ஏத்திப்போடாதையும்” என்றார் நவரத்தினம். “தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வாறதுதான் முறை. ரெண்டு வருசமாய் என்ரை மகளோடை நான் கதைக்கேல்லைத்தான்; அதுக்காக அவளின்ரை கலியாணப் படத்தைக்கூட நான் பார்த்திருக்கமாட்டன் எண்டோ நினைச்சனீர், மருமோன்?”