உறவினர் யாருமில்லை

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க, ஒரே நோயாளிக்குத் துணையாக நானூறு மணி நேரம் இருந்திருக்க வேண்டும். சொந்தக்காரரைப் பார்த்துக்கொண்டால் கணக்கில் சேராது. அமுதவல்லி நோயாளிகளின் பட்டியலைத் திறந்தாள். மூன்றாவது பெயர் அவளுடைய அப்பா மாசிலாமணி. உறவினர் என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார். யாருக்காக அப்படி எழுதினார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவரையே தேர்ந்தெடுத்தாள்.

மணிக்கணக்கைப் பதிவு செய்ய மணிக்கட்டில் மாட்டிய பட்டை அவள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. நல்லவேளை, அந்த வார்டில் வயதானவர்களை எல்லாரும் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"சாப்டீங்களா அப்பா?"

"ஆச்சு. உன் பேரு என்னம்மா?"

தினமும் கேட்டார், தினமும் சொன்னாள். வீட்டில் அவள் ஒருநாளும் அவரை 'நீங்க' என்றதில்லை. 'சாப்ட்டியாப்பா' என்றுதான் கேட்பாள்.

நானூறு மணி நேரம் முடிந்த மறுநாள் காலை அவர் போய்விட்டார்.

"சொந்த அப்பா மாதிரி பாத்துக்கிட்ட. முழு மார்க்" என்றார் நர்ஸ். "பட்டையை வாசல்ல கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்பும்மா. பாடிய வாங்கிக்க இவருக்கு யாரும் கிடையாது."

அமுதவல்லி கட்டிலருகே குனிந்தாள்.

"போயிட்டு வரேங்க அப்பா."